பக்கத்து வசனத்தையும் வாசியுங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஏழு இங்கே. மேற்கோள் வசனங்கள் பலரும் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

கேள்வி: வேதத்தை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் லேவியராகமத்தில் நின்றுவிட்டது. எனக்கு வாஞ்சை போதவில்லையா?

பதில்: வாஞ்சையைக் குறை சொல்லுமுன் கணக்கைப் பாருங்கள். வேதத்தில் 1,189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க நாளுக்கு மூன்றே கால் வேண்டும். மூன்று என்றே வையுங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. இருபத்தைந்தாம் நாளில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும். முப்பத்தோராம் நாளில் லேவியராகமம். கதை நின்று சட்டம் வருகிற இடமும், தொடங்கிய சூடு ஆறுகிற நாளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சலில் ஐந்து நாள் போனால் பாக்கி 15 அதிகாரம். பாக்கியை ஒரே மூச்சில் அடைக்கப் பார்க்கிறவர்களே பெரும்பாலும் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க; எதுவும் விடவில்லையென்றால் சங்கீதம். மத்தேயுவில் தொடங்காமல் மாற்கில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம், மூன்று வாரத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும், ஒரு புத்தகத்தை முடித்த தெம்பும் கிடைக்கும். பிறகு அப்போஸ்தலர், பிலிப்பியர், யாக்கோபு. ஆதியாகமத்தை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

லேவியராகமத்துக்கு வரும்போது முதல் அதிகாரத்தில் நுழையாதீர்கள். முதலில் 16: பாவநிவாரண நாள். புத்தகத்தின் நடுத்தூண் அதுதான். அடுத்து 19: ‘உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக’ என்ற வசனம் இருப்பது அங்கேதான். அதற்குப் பின் 1 முதல் 7 வரையுள்ள பலிகளை எபிரெயர் 9, 10 அதிகாரங்களோடு சேர்த்து வாசித்தால், இரத்தமும் கொழுப்பும் ஏன் அவ்வளவு விவரமாகச் சொல்லப்படுகின்றன என்பது புரியத் தொடங்கும்.

வாசித்ததை வாழ்வில் கொண்டுவர ஒரு நோட்டில் நான்கு வரி போதும். யார், யாரிடம் சொன்னது? முந்தின ஐந்து வசனமும் பிந்தின ஐந்து வசனமும் என்ன சொல்கின்றன? இது கட்டளையா, வாக்குத்தத்தமா, நடந்ததைச் சொல்லும் செய்தியா? இன்று நான் செய்யப்போவது என்ன? கடைசி வரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘இன்னும் அன்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால், இரவில் அதைச் செய்தோமா இல்லையா என்று சொல்லவே முடியாது. ‘அம்மா ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டாலும் எரிந்து விழமாட்டேன்’ என்று எழுதினால் சொல்ல முடியும்.

கேள்வி: ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்’ என்ற யோபு 8:7-ஐக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இது தேவனுடைய வாக்குத்தத்தம் அல்ல என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் சொல்வது சரி. அதைப் பேசுகிறவர் தேவன் அல்ல, யோபைப் பார்க்க வந்த நண்பர்களில் ஒருவரான பில்தாத். எந்த நேரத்தில் பேசுகிறார்? பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற மனிதனிடம். நான்காம் வசனத்தைப் பாருங்கள்: உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் போனார்கள் என்று குத்திக்காட்டுகிறார். ஆறாம் வசனத்தில் ‘நீர் சுத்தமும் செம்மையுமாய் இருந்தீரேயானால்’ என்று ஒரு நிபந்தனை போடுகிறார். அதன் தொடர்ச்சியாக வருவதுதான் உங்கள் சுவரில் இருப்பது. இந்த நண்பர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7-இல் கர்த்தரே தீர்ப்புச் சொல்கிறார்.

‘நீர் அவரோடே பழகி சமாதானமாயிரும், அதினால் உமக்கு நன்மைவரும்’ (22:21) என்பதும் இதே வகைதான், அது அந்த நண்பர்களில் இன்னொருவரான எலிப்பாஸின் பேச்சு. அழகான வாக்கியங்கள்தான். ஆனால் வேதத்தில் பதிவான எல்லாமே வேதம் ஆமோதித்தது ஆகிவிடாது. சட்டத்தைக் கழற்ற மனமில்லையென்றால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள்: ‘கர்த்தர் யோபின் முன்னிலைமையைப்பார்க்கிலும் அவன் பின்னிலைமையை ஆசீர்வதித்தார்’ (42:12). இதுவும் ஒரு மனிதனுக்கு நடந்த செய்தியே. எல்லாக் கடைக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அல்ல.

கேள்வி: எரேமியா 29:11-ஐப் பிடித்துக்கொண்டு ஒரு வேலைக்காக மூன்று மாதம் ஜெபித்தேன். வேலை வேறொருவருக்குப் போனது. ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்றால் என்ன?

பதில்: அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது. கி.மு. 597-இல் யெகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்திலேயே முழங்குகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா சொன்னதோ 29:10-இல் இருக்கிறது: எழுபது வருஷம். கடிதத்தைப் படிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். ‘அவைகள் தீமைக்கல்ல’ என்ற வார்த்தை அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் காலக்கெடுவை அதில் ஒட்டுவதே நாம் அடிக்கடி செய்கிற பிழை. ஒரு ஜனத்துக்கு, சில தலைமுறைகளுக்குச் சொன்னதை, ஒரு நேர்காணலின் முடிவுக்குச் சுருக்கிவிடுகிறோம். அது நடக்காதபோது தேவன் பொய் சொன்னதுபோல மனம் உடைகிறது.

அப்படியானால் அந்த வசனம் உங்களுக்கு இல்லையா? இருக்கிறது. தண்டனையின் நடுவிலும் தம்முடைய ஜனத்தைக் கைவிடாதவர் எப்படிப்பட்டவர் என்பதை அது காட்டுகிறது, அவர் மாறவில்லை. காத்திருக்கிற காலத்தில் செய்யவேண்டியதும் 5 முதல் 7 வரை அதே கடிதத்திலேயே உண்டு: வீடு கட்டு, தோட்டம் நாட்டு, பிள்ளைகளைப் பெறு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. உங்கள் நிலையில் இதன் பொருள்: அடுத்த விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புங்கள், தேர்வு செய்தவர்களிடம் எதில் குறை கண்டார்கள் என்று பணிவாகக் கேளுங்கள், அந்த ஒரு குறையைச் சரிசெய்ய வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒதுக்குங்கள், இப்போது கையிலுள்ள சிறிய வேலையை, கிளம்பப்போகிறவரைப்போல அரைமனதாகச் செய்யாதீர்கள். ‘அந்த வேலை எனக்கு’ என்ற ஜெபத்தோடு, ‘அது இல்லையென்றாலும் உம்மை விட்டுப்போகாதபடி என்னைக் காத்துக்கொள்ளும்’ என்பதையும் சேருங்கள்.

கேள்வி: கடனுக்கு மாதத் தவணை கட்டிவருகிறேன். தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் என்று மல்கியா 3-ஐக் காட்டுகிறார்கள். மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்றா, கைக்கு வருவதிலா?

பதில்: இதில் சபைக்குச் சபை போதனை வேறுபடும். வேத வரிகள் சொல்வதை மட்டும் வைக்கிறோம். நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் நிலத்தின் விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும் எடுக்கப்பட்டது. நிலப்பங்கு இல்லாத லேவியருக்குப் போனது (எண்ணாகமம் 18:21). மூன்றாம் வருஷத்துப் பத்தில் ஒன்றை லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் (உபாகமம் 14:28, 29). புதிய ஏற்பாட்டு நிருபங்கள் சபைக்கு எந்த விகிதத்தையும் விதிக்கவில்லை. முறையை மட்டும் சொல்கின்றன: வாரத்தின் முதல்நாளில் வரவுக்குத் தக்கதாகத் தனியே எடுத்துவைப்பது (1 கொரிந்தியர் 16:2), விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்ல (2 கொரிந்தியர் 9:7), இல்லாததின்படியல்ல உள்ளதின்படியே (8:12). சாபத்துக்குப் பயந்து கொடுப்பது ‘கட்டாயம்’ இல்லையென்றால் வேறு எது கட்டாயம்?

ஆகவே ஒரு வரிசை. கடன் தவணை உங்கள் பணமே அல்ல, அடுத்தவர் பணம். ‘துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்’ (சங்கீதம் 37:21). அடுத்து வீட்டாரின் உணவும் மருந்தும் (1 தீமோத்தேயு 5:8). பெற்றோருக்குச் சேரவேண்டியதை ‘கொர்பான்’ என்று காணிக்கையாக்கி நழுவுகிறவர்களை மாற்கு 7-இல் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று பாருங்கள். அதன்பின் மிஞ்சுவதில் ஒரு பங்கு, இரண்டு சதவீதமோ மூன்றோ, சம்பளம் வந்த அன்றே தனி உறையில். கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் உறையில் ஒன்றும் இருக்காது. கடன் குறையக் குறைய விகிதத்தை ஏற்றுங்கள். கொடுப்பதற்காக இன்னொரு கடன் வாங்கவே வேண்டாம். மொத்தமா, கைக்கு வருவதா என்பதை ஒருமுறை மனதில் நியமித்துவிட்டு நிறுத்துங்கள். மாதாமாதம் அதையே எடைபோட்டுக்கொண்டிருந்தால் உற்சாகம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மல்கியா 3:10-ஐ உரக்கச் சொல்கிறவர்கள், அதற்கு ஐந்து வசனம் முன்னால் இருப்பதை ஏனோ மெதுவாகக்கூடச் சொல்வதில்லை. 3:5-இல் கர்த்தர் தீவிரமான சாட்சியாய் நிற்கப்போவது யாருக்கு விரோதமாக? சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர்கள் என்ற அதே வரிசையில் கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களும் நிற்கிறார்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற வாசகர் யாரேனும் இதைப் படித்தால், கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுக்கச் சொல்லும் உபாகமம் 24:15-ஐயும் எடுத்துப் பார்க்கட்டும். சம்பளத்தைப் பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டுக் காணிக்கையை நாள் தவறாமல் செலுத்துவது, நீதியை விட்டுவிட்டு அற்பமானவற்றுக்கும் தசமபாகம் எண்ணும் மத்தேயு 23:23-இன் ஒற்தலாம், வெந்தயம், சீரகக் கணக்குதான்.

கேள்வி: சபையில் பழகிய நண்பர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லை என்றாகுமா?

பதில்: ஆகாது. நீதிமொழிகள் 6:1-5 பிணைப்பட்டவனை, வேட்டைக்காரன் கைக்குத் தப்பும் வெளிமானைப்போலத் தப்பச் சொல்கிறது. 22:27, செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையும் போகும் என்கிறது. பிலேமோன் நிருபத்தில் பவுல், பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவின் கடனை ஏற்றார், உண்மை. ஆனால் ‘நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்’ என்று தம் கையாலேயே எழுதி, தாமே கட்டத் தயாராக ஏற்றார். அதுவே உங்களுக்கும் அளவுகோல்: முழுத் தொகையும் வட்டியும் உங்கள் தலையில் விழுந்தால், வீட்டைப் பட்டினி போடாமல் கட்ட முடியுமா? முடியாதென்றால், கொடுக்கக்கூடிய ஒரு சிறு தொகையைத் திரும்பக் கேட்காத உதவியாகக் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கு ‘இயலாது’ என்று அன்றே சொல்லுங்கள். ‘ஜெபித்துச் சொல்கிறேன்’ என்று இழுக்காதீர்கள்.

கேள்வி: கூட்டுத் தொழிலில் என் தம்பி பணத்தை எடுத்துவிட்டான். மன்னித்துவிட்டேன். மறுபடியும் கூட்டுச் சேரவில்லையென்றால் அது மன்னிப்பே இல்லை என்கிறார்கள் வீட்டார். மனைவியோ எபேசியர் 4:26-ஐச் சொல்லி, இன்றைக்கே பேசி முடிக்கச் சொல்கிறாள்.

பதில்: பழைய கணக்கைக் கிழிப்பது ஒன்று, புதிதாகப் பணப்பெட்டிச் சாவியைக் கொடுப்பது வேறொன்று. முதலாவது உங்கள்மேல் விழுந்த கடமை. மத்தேயு 18-இன் உவமையில் அந்த ஊழியக்காரனுக்கு மன்னிக்கப்பட்டது பதினாயிரம் தாலந்து. அவன் தன் உடன் ஊழியக்காரனுக்கு மன்னிக்க மறுத்தது நூறு வெள்ளிப்பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி, ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆறு லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதம். ஆனாலும் நூறு நாள் கூலி என்பது சில்லறை அல்ல என்பதைக் கவனியுங்கள். உங்கள் நஷ்டத்தையும் இயேசு சில்லறையாக்கவில்லை.

நம்பிக்கை அப்படி ஒரே நாளில் கொடுக்கப்படுவதில்லை. ‘இயேசு எல்லாரையும் அறிந்திருந்தபடியால், அவர்களை நம்பி இணங்கவில்லை’ என்கிறது யோவான் 2:24. யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட சகோதரரைப் பார்த்து மறைவில் அழுதான். என்றாலும் வெள்ளிப் பாத்திரத்தைப் பென்யமீனின் சாக்கில் வைக்கச் சொல்லி, அவனுக்குப் பதிலாக யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்ததைக் கண்ட பிறகே தன்னை வெளிப்படுத்தினான். வரி வசூலிக்கிறவனான சகேயு மனந்திரும்பியதும் நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று கணக்குப் பேசினான். தம்பி கணக்குப் பேசுகிறானா? சிறு தவணையாவது வருகிறதா? அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவரை கூட்டுத் தொழில் வேண்டாம். பண்டிகைக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வேண்டும்.

பேசும் முறை மத்தேயு 18:15-இல் இருக்கிறது: ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதிவிட்டால் அந்தப் படியே போய்விடும். அதன்பின் அவன் உங்களுக்கு அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் இருபது பேருக்குப் பதில் சொல்வான். தேதி, தொகை, நடந்தது என்ன என்பதை மட்டும் சொல்லுங்கள். ‘நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் பேச்சு பணத்தை விட்டு எங்கோ போய்விடும்.

உங்கள் மனைவிக்கு: எபேசியர் 4:26 சூரியன் மறையுமுன் தணியச் சொல்வது எரிச்சலை. வழக்கு முழுவதையும் இரவுக்குள் தீர்க்கச் சொல்லவில்லை. பவுல் அங்கே எடுத்தாள்வது சங்கீதம் 4:4. அதன் மறுபாதி, ‘உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்’. தூக்கக் கண்ணோடு நள்ளிரவில் தொடங்கும் சமாதானப் பேச்சு பெரும்பாலும் இரண்டாம் சண்டையில்தான் முடியும். ‘உன்மேல் வன்மம் இல்லை, நாளை பேசுவோம்’ என்று சொல்லிவிட்டுத் தூங்குவதும் கீழ்ப்படிதல்தான்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். ‘மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்’ என்று சொல்லி, வெளியே பேசாமல் ஜெபிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: சகோதரி, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மற்றவை பிறகு. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது நின்று ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. அன்று இராத்திரியே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19:10). அவன் பெலவீனமான விசுவாசி என்று யாரும் சொல்வதில்லை.

உங்களிடம் சொல்லப்படும் எபேசியர் 5:22-க்கு முந்தின வசனம் ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்கிறது. 28, 29 வசனங்கள் மனைவியைத் தன் சொந்தச் சரீரமாகப் போஷித்துக் காப்பாற்றச் சொல்கின்றன. அடிக்கிற கைக்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை. ‘தனித்திருக்கையில் உணர்த்து’ என்ற மத்தேயு 18-ஐயும் இங்கே கொண்டுவராதீர்கள். உயிருக்கு ஆபத்தானவரோடு தனித்திருப்பது கூடாது. காவல்துறைக்குப் போவது அவிசுவாசமும் அல்ல: அதிகாரம் தீமை செய்கிறவனைத் தண்டிக்கிற தேவ ஊழியம் என்கிறது ரோமர் 13:4. வாரினால் அடிக்கக் கட்டியபோது பவுலும் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார்.

அடையாள ஆவணங்களின் நகல், கொஞ்சம் பணம், முக்கியமான எண்கள் எழுதிய தாள் ஆகியவற்றை நம்பிக்கையான ஒரு வீட்டில் இன்றே வைத்துவிடுங்கள். காயம் பட்ட அன்றே மருத்துவரிடம் காட்டி, எப்படிப் பட்டது என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ‘விழுந்துவிட்டேன்’ என்று சொல்லாதீர்கள். கிளம்பும் திட்டத்தை அவரிடமோ, அவரிடம் சொல்லிவிடக்கூடியவர்களிடமோ முன்கூட்டிச் சொல்லவேண்டாம். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆலோசனை சொல்கிறோம் என்று சபையார் அழைத்தால், இப்போது மறுத்துவிடுங்கள். அங்கே நீங்கள் வாய்திறந்து சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். அவர் மனந்திரும்பினாரா என்பது நீங்கள் பாதுகாப்பாக இருக்கையில், மாதக்கணக்கில் பார்த்து அறியவேண்டியது. கண்ணீரோடு கேட்ட ஒரு மன்னிப்பை நம்பி அன்று மாலையே திரும்பிப் போகாதீர்கள்.